நாலு மணி போன்

போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே, கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வடக்கே கச்சின் மாநிலத்துப் பனிமலைகளுக்கு வெளிநாட்டுக்காரர்களை அழைத்துப்போகிற சின்னக் கம்பெனி. யாங்கோனில் உட்கார்ந்துகொண்டு பனிமலைக்கு ஆள் அனுப்புவது வேடிக்கையான தொழில்தான். டிசம்பரிலும் எங்கள் தலைக்கு மேல் மின்விசிறி ஓடும். ஜன்னலைத் திறந்தால் ஆற்றுச் சேறும் கருவாடும் கலந்த வாடை வரும். அந்த ஜன்னலோரம், கண்ணாடி பதித்த மேஜையில் உட்கார்ந்து, ஒரு பெண்மணி தினமும் மாலை நாலு மணிக்கு போனை எடுப்பார். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மலையில் நிற்கும் வழிகாட்டியிடம், "இன்னிக்குப் பனி எப்படி இருக்கு?" என்று கேட்பார்.

அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. அலுவலகம் அதற்கு முன்பே, கொரோனா வந்த வருஷத்தில் மூடிவிட்டது.

அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'அமா' என்றுதான் கூப்பிடுவார்கள். பர்மியத்தில் அக்கா. தமிழ்க்காரர் யாராவது வந்தால், இத்தனை பேருக்கும் இவர் அம்மாவா என்று ஒரு கணம் திகைத்துப்போவார்கள். அவர் திருத்தமாட்டார். நான் மட்டும் அக்கா என்று தமிழிலேயே கூப்பிடுவேன். தாமுவேயில் வீடு. தாத்தா ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். பர்மியப் பெண்களைப் போல லோஞ்சி கட்டி, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு வருவார். புருஷன் சீக்கிரமே இறந்துவிட்டார். ஒரே மகள் கல்யாணமாகி மௌல்மேனில் இருந்தாள்.

சின்ன வயதில் அவர் டிரங்க் கால் போடுகிற எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்திருக்கிறார். பதினைந்து வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு மற்றவர்கள் பேசுவதை இணைத்துவிட்டவர். குரலைக் கேட்டே பேசுகிறவர் உட்கார்ந்திருக்கிறாரா நிற்கிறாரா என்று சொல்லிவிடுவார். பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறாரா என்பதையும் சொல்வார். நான் இரண்டு மூன்று முறை சோதித்துப் பார்த்திருக்கிறேன். தப்பியதில்லை.

அவரிடம் ஒரு வார்த்தை மட்டும் செல்லாது. 'யபாடே.' பரவாயில்லை, சமாளித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். பர்மாவில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. பஸ்ஸில் காலை மிதித்துவிட்டாலும் யபாடே, வீட்டுக் கூரை ஒழுகினாலும் யபாடே. யாராவது அவரிடம் அதைச் சொன்னால் கேட்டுக்கொள்வார், தலையாட்டுவார். பிறகு சின்னதாக ஒரு கேள்வி கேட்பார்.

என் அப்பா படுக்கையில் கிடந்த சமயம் நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எல்லோரும் தினமும் விசாரிப்பார்கள், நானும் பரவாயில்லை என்பேன். அவரும் ஒருநாள் அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை அக்கா என்றேன். தலையாட்டினார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கடைசியா அவருக்கு நகம் வெட்டிவிட்டது எப்போ?" என்றார்.

அப்பாவின் விரல்களை நான் பார்த்தே பல நாள் ஆகியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நகவெட்டியும் ஒரு டப்பா ரசமுமாக அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று மதியம் நானும் அம்மாவும் நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினோம். அந்த மாதத்தில் அப்படித் தூங்கியது அன்றைக்குத்தான்.

இந்தக் குணத்தால் அவரோடு வெளியே போவது சிரமம். ஒரு தடவை அலுவலகத்தில் எல்லோருமாக த்வாண்டேக்கு மண்பானைச் சூளை பார்க்கப் போனோம். ஆற்றைக் கடக்க ஒரு சின்ன மோட்டார் படகில் ஏறி உட்கார்ந்தோம். ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். அக்கா படகுக்காரரிடம், இன்னும் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டார். யபாடே என்றார் அவர். காலையில் எத்தனை பேரை ஏற்றினீர்கள், அப்போது தண்ணீர் இந்தப் பலகைக்கு எவ்வளவு கீழே இருந்தது என்று கேட்டார். படகுக்காரர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கைகொடுத்து ஏற்றினார். அக்கா எழுந்து இறங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் நாங்களும் இறங்கினோம். படகு ஒரு குறையுமில்லாமல் அக்கரை போய்ச் சேர்ந்தது. அதிலிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். நாங்கள் வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றோம். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் முகத்தில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. படகு கரை சேர்ந்ததைப் பார்த்துவிட்டு, நல்லவேளை என்றார். அவ்வளவுதான்.

பனிக்கு அவர் வந்தது தற்செயல். மலையிலிருந்து வரும் போனை எடுத்துக் குறித்துவைக்கத்தான் அவரைச் சேர்த்தார்கள். சாமான் தீர்ந்ததா, விமானம் எப்போது, அவ்வளவுதான் வேலை. ஆனால் குறித்துவைப்பதோடு அவரால் நிற்க முடியவில்லை. திரும்பி வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து உட்காரவைத்து, காலடியில் பனி என்ன சத்தம் போட்டது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று கேட்க ஆரம்பித்தார். வயதான ஜப்பானியர் ஒருவர் பொறுமையாக ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். அந்தத் தாள் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கடைசிவரை இருந்தது. பிறகு மற்ற நாடுகளில் தினமும் வெளியிடுகிற பனிச்சரிவு எச்சரிக்கைகளை அகராதியை வைத்துக்கொண்டு படித்தார்.

அப்படி அவர் புரிந்துகொண்டதை ஓனருக்கு ஒருநாள் தட்டை வைத்துச் செய்தே காட்டினார். தேநீர்த் தட்டில் சீனியைப் பரப்பி, அதன் மேல் சப்பாத்தி மாவைத் தட்டையாகப் போட்டார். இன்னொரு தட்டில் சீனி இல்லாமல் வெறும் மாவு. இரண்டையும் மெதுவாகச் சாய்த்தார். வெறும் மாவு தட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சீனித் தட்டு மாவு அப்படியே வழுக்கி ஓனர் மடியில் விழுந்தது.

சீசன் தொடக்கத்தில் மலையில் நடப்பது இதுதான். நவம்பரில் முதல் பனி கொஞ்சமாக விழும். பிறகு வானம் தெளிந்து, நாள் கணக்கில் கடுங்குளிர். அந்த மெல்லிய பனி குளிரில் கிடந்து கிடந்து ஒட்டும் தன்மை போய், சீனி மாதிரி உதிரியாகிவிடும். டிசம்பரில் அதன் மேல் காற்றோடு புதுப் பனி விழுந்து, இறுகிப் பலகை போல உட்காரும். பார்த்தால் கெட்டியாக, அழகாக இருக்கும். ஒரு ஆள் குறுக்கே நடந்தாலே போதும், மொத்தப் பலகையும் அறுத்துக்கொண்டு கீழே வந்துவிடும்.

அன்றிலிருந்து, எங்கள் வழிகாட்டியும் சுமைதூக்கிகளும் எந்தச் சரிவில் கால் வைக்கலாம் என்பதை நாலு மணி போனுக்குப் பிறகு அக்காதான் சொல்வார் என்று ஓனர் விட்டுவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அக்கா பனியைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு சீசனிலும் ஓனர் அவருக்கு விமானத்தில் ஒரு இடம் தருவதாகச் சொல்வார். மறுத்துவிடுவார். நான் காரணம் கேட்டேன்.

"ஒருதடவை பாத்துட்டா எனக்குத் தெரியும்கிற நெனப்பு வந்துரும் தம்பி. அப்புறம் கேக்கமாட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பிளேன்னா பயமும்தான்" என்றார்.

மலையில் எங்கள் வழிகாட்டி யோனா. லிசு இனத்தவன், கிறிஸ்தவன், முப்பத்தைந்து வயது இருக்கும். மலையை அவனைப்போல் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் அவனால் யாரையும் மறுத்துப் பேச முடியாது. இதற்கு பர்மியத்தில் 'ஆனாடே' என்பார்கள். எதிராளி மனம் சங்கடப்படுமே என்று தன் கஷ்டத்தைச் சொல்லாமல் விழுங்கிக்கொள்வது. பர்மாவில் அது பெரிய பண்பு. அக்கா அதைச் சொல்லிச் சிரிப்பார்: "நம்ம தமிழ்ல 'ஆனா'ன்னு சொன்னா பின்னாடியே ஏதாவது வரும். இவங்க 'ஆனா'வுக்குப் பின்னாடி ஒண்ணுமே வராது. நாமதான் தோண்டணும்."

ஆறு வருஷம் அவர்கள் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அக்காவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. தேதி, காற்று, பனியின் ஆழம், சத்தம் என்று கட்டம் போட்டு எழுதுவார். கடைசிக் கட்டம் 'குரல்'. யோனாவின் குரல் அன்று எப்படி இருந்தது என்று அதில் ஒரு வார்த்தை இருக்கும். சில நாள் 'தெளிவு'. சில நாள் 'களைப்பு'. சில நாள் 'எதையோ மறைக்கிறான்'.

கொரோனாவுக்கு மூன்று வருஷம் முன்னால், டிசம்பர் தொடக்கத்தில், ஆஸ்திரியாவிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். எங்கள் மலையில் பனிச்சறுக்குக்காகவே வந்தவர்கள் மிகக் குறைவு. எட்டு மாதம் கடிதம் எழுதி அவர்களைக் கொண்டுவந்தது நான். அவர்கள் போய் நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் மேலும் பல பேர் வருவார்கள், அந்தப் பனிச்சறுக்குப் பிரிவை என்னிடமே ஒப்படைப்பதாக ஓனர் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அது நடந்தே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

அவர்கள் நல்லவர்கள். பனியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், பனிச்சரிவு பற்றி முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். புதைந்துபோனால் இருக்கும் இடத்தைக் காட்டுகிற கருவி ஆளுக்கு ஒன்று மார்பில் கட்டிக்கொள்வார்கள். அவர்கள் புறப்படும் முன்பே அக்கா அதைப் பற்றி எழுதிக் கேட்கச் சொன்னார். உங்களிடம் இரண்டு கருவி இருக்கிறது, எங்கள் ஆட்கள் ஐந்து பேர், அவர்கள் எதைக் கட்டிக்கொள்வார்கள்? அந்தக் கணவர், சுமைதூக்கிகளைச் செங்குத்தான இடத்துக்குக் கொண்டுபோகமாட்டோம் என்று பணிவாகப் பதில் எழுதினார். அதை மனதார நம்பித்தான் எழுதினார் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே போன பிறகு, மேல் முகாமுக்கு வேறு வழியில்லை, ஒரு அகலமான பள்ளச் சரிவைக் குறுக்கே கடந்தாக வேண்டும் என்று தெரிந்தது. மறுநாள் காலையில் கடப்பதாக முடிவு செய்திருந்தார்கள்.

அன்று நாலு மணிக்கு அக்கா போனை எடுத்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரில் யோனாவின் குரலும் காற்றின் இரைச்சலும் கேட்டன. பனி எப்படி என்றார் அக்கா. யபாடே அமா என்றான். வழக்கம்போல் ஒவ்வொன்றாகக் கேட்டார். கோலை மெதுவாக உள்ளே விட்டால் எங்காவது சட்டென்று இறங்குகிறதா? ஒரு முழத்துக்குக் கீழே இறங்குகிறது. அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தால் உருண்டை பிடிக்க வருகிறதா? வரவில்லை, விரலிடுக்கில் ஓடுகிறது. காற்று? இரண்டு நாளாக மேற்கிலிருந்து, நிறையப் புதுப் பனியோடு. பனி ஏதாவது சத்தம் போட்டதா?

ஸ்பீக்கரில் காற்று மட்டும் இரைந்தது.

"யோனா, பையன்க என்ன பேசிக்கிட்டாங்க?" என்று அக்கா கேள்வியை மாற்றினார்.

சுமைதூக்கிப் பையன்கள் சிரித்தார்கள் என்றான். ஏன் சிரித்தார்கள்? நடக்கும்போது பூமிக்குள்ளே யாரோ அரிசி மூட்டையைப் போட்ட மாதிரி 'தொம்' என்று ஒரு சத்தம் வந்தது, அதற்குச் சிரித்தார்கள் என்றான்.

அடியிலிருக்கும் சீனிப் பனி நொறுங்கி மேல் பலகை உட்காருகிற சத்தம் அது. அக்கா பேனாவைக் கீழே வைத்தார். வெளிநாட்டுக்காரரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். அவர், தானும் அந்தச் சத்தத்தைக் கேட்டதாகவும், அது தட்டையான இடத்தில்தான் என்றும், காலைக் குளிரில் ஒவ்வொருவராக இடைவெளி விட்டு வேகமாகக் கடந்துவிடலாம் என்றும் சொன்னார். அக்கா தன் உடைந்த ஆங்கிலத்தில், நீங்கள் இருவரும் போவது உங்கள் விருப்பம், எங்கள் ஐந்து பேரும் அந்தச் சரிவில் கால் வைக்கமாட்டார்கள் என்றார். பிறகு மறுபடியும் யோனாவைக் கூப்பிட்டார்.

"யோனா, உனக்கு அவங்ககிட்ட சொல்லக் கஷ்டமா இருந்தா என் மேல போடு. ரங்கூன்ல ஒரு கலாமா உக்காந்திருக்கா, பிடிவாதக்காரி, அவ விடமாட்டேங்கிறான்னு சொல்லு."

கலாமா என்பது இந்திய வம்சாவளிப் பெண்களைப் பர்மியர்கள் சொல்லும் வார்த்தை. மரியாதையான வார்த்தை அல்ல. அவர் வாயிலிருந்து அதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். யோனா, சரி அமா என்றான்.

போனை வைத்ததும் நான் சண்டை பிடித்தேன். இத்தனை தூரம் வந்தவர்களை இப்படித் திருப்பி அனுப்பினால் இனி யார் வருவார்கள் என்றேன். அவர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும் என்றேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. "அவங்க பொறந்ததே பனியில அக்கா. நீங்க அதைக் கண்ணால பாத்ததுகூட இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "ஆமாப்பா, பாத்ததில்ல. அதனாலதான் கேக்குறேன்" என்றார். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு, கழுவ வெளியே போனார்.

மலையில் இருந்த போன் பேட்டரியை மிச்சம் பிடிக்க காலை ஆறு மணிக்குக் கொஞ்ச நேரமும், மாலை நாலிலிருந்து நாலரை வரையும் மட்டும் திறந்திருக்கும். மணி நாலு இருபத்தைந்து. அவர் மேஜையிலிருந்த போனையே எடுத்து நான் யோனாவைக் கூப்பிட்டேன். அக்கா பயப்படுகிறார், உனக்கு மலை தெரியும், முடியும் என்று பட்டால் விடியற்காலையிலேயே அவர்களைக் கடத்திவிடு, அப்புறம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அவன் அதற்கும் சரி என்றான். அக்காவிடம் சொன்ன அதே குரலில். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா திரும்பி வந்தபோது நான் என் இடத்தில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. செய்தது சரிதான் என்று பல தடவை சொல்லிக்கொண்டேன். காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் போனபோது அக்கா இருந்தார். முகாமிலிருந்து யாரும் நகரவில்லை, ஆஸ்திரியர்களும் கூடவே தங்கிவிட்டார்கள் என்றார். யோனா என் பேச்சைக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகவும் இருந்தது, அவன் மேல் கோபமாகவும் இருந்தது.

அவர்கள் இரண்டு நாள் காத்திருந்தார்கள். அனுமதி நாட்கள் முடிந்து இறங்கினார்கள். அந்தச் சரிவு சரியவே இல்லை. கடைசியாகத் திரும்பிப் பார்த்தபோதும் அது ஒரு கீறல் இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது என்று ஆஸ்திரியர் பிறகு எழுதியிருந்தார். மரியாதையான கடிதம்தான். கடல் மட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மலையில் முடிவெடுப்பது முறையல்ல என்று ஒரு வரி அதில் இருந்தது. ஓனர் அதை அக்காவிடம் காட்டினார். அடுத்த சீசனிலிருந்து முடிவை மலையில் இருப்பவர்களே எடுக்கட்டும், நீங்கள் குறிப்பு மட்டும் எழுதுங்கள் என்றார். அக்கா சரி என்றார். கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன், சரிவு விழவில்லை என்கிற இடத்தை இன்னொரு முறை படித்தார். "நல்லதாப் போச்சு" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

நான் அந்த வாரம் முழுக்கக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன்.

மே மாதம் யோனா தன் மனைவியின் கண் ஆபரேஷனுக்காக யாங்கோன் வந்தான். முதல் தடவையாக வருகிறான். ஆஸ்பத்திரிக்கு அவர்களைக் கூட்டிப்போக அக்கா கிளம்பினார், என்னையும் வரச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் அவனை நான் முதலில் பார்த்தேன். குள்ளமாக, இஸ்திரி போட்ட சட்டையில், வெயில் தாங்காமல் நின்றிருந்தான். அக்கா எதிரே போய் நின்றார். இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆறு வருஷம் தினமும் பேசியவர்கள் புதிதாகப் பார்க்கிற கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி கூச்சப்பட்டார்கள். கடைசியில் அவன், "அமா" என்றான். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் அக்காவுக்கு முகம் மலர்ந்தது.

மனைவியை உள்ளே கொண்டுபோன பிறகு நாங்கள் மூவரும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். வீட்டுப் பேச்சு, மழைப் பேச்சு எல்லாம் ஓய்ந்த பிறகு யோனா தரையைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். டிசம்பரில் அமா போன் செய்த அன்று மதியமே அவன் அந்தச் சரிவில் இறங்கியிருக்கிறான். வழி பார்க்க, தன் தங்கை புருஷனையும் இன்னொரு பையனையும் கூட்டிக்கொண்டு. பத்து அடி போனதும் அவன் காலடியிலிருந்து ஒரு கோடு பிளந்து மேலே பாறைவரைக்கும் ஓடியிருக்கிறது. மூவரும் மூச்சுவிடாமல் அதே காலடித் தடத்தில் பின்னால் நடந்து வந்திருக்கிறார்கள். ராத்திரி பெய்த பனி அந்தக் கோட்டை மூடிவிட்டது.

"நான் யார்கிட்டயும் சொல்லல அமா. அவங்க அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாங்க. ஆனாடே. நீங்க வேண்டாம்னு சொல்லலேன்னா மறுநாள் நான் கடந்திருப்பேன். பையன்களையும் கூட்டிட்டுத்தான்."

பிறகு அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். ஒரே ஒரு கணம். நான் போன் செய்ததைச் சொல்லாமலே மறுபடியும் தரையைப் பார்த்துக்கொண்டான்.

அக்கா எழுந்து தாழ்வாரத்தின் கோடிக்குப் போனார். அங்கே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் தோள் நடுங்கியது. எத்தனை வருஷம் கூட வேலை செய்திருந்தும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தார். பையிலிருந்து இலையில் கட்டிய புளிச்சோற்றை எடுத்து அவன் மடியில் வைத்தார். "சாப்பிடு. இனிமே கோடு ஓடுச்சுன்னா முதல்ல அதைச் சொல்லணும். என்ன?" என்றார். அவன் சின்னப் பிள்ளை மாதிரித் தலையாட்டினான்.

மறுநாள் யோனா ஓனரிடமும் இதைச் சொன்னான், பழைய ஏற்பாடே திரும்ப வந்தது. அது இருக்கட்டும். நான் சொல்ல நினைத்தது அன்று மாலை வீடு திரும்பியதைப் பற்றி.

தாமுவே போகிற பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. அக்கா ஜன்னலோரம். மழைக்கு முந்தின புழுக்கம். இரண்டு நிறுத்தம் வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அன்றைக்கு அவர் டம்ளர் கழுவப் போனபோது நான் யோனாவைக் கூப்பிட்டதை, என்ன சொன்னேன் என்பதை, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும்" என்றார்.

அன்றைக்கே தெரியுமாம். யோனாவின் தங்கை வீட்டுக்குச் சேதி சொல்லலாமென்று போனை எடுத்தபோது, கடைசியாகப் பேசிய எண்ணும் நேரமும் திரையில் இருந்திருக்கிறது. ஆறு மணிக்கு மலையில் போனைத் திறப்பார்கள் என்று, மறுநாள் விடியற்காலையில் முதல் பஸ் பிடித்து அலுவலகம் வந்து, யோனாவைக் கூப்பிட்டு மறுபடியும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவன் அப்போது மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். நான் ஒன்பது மணிக்கு வந்தபோது அவர் வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. இதில் எதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஓனர் அந்தக் கடிதத்தைக் காட்டிய நாளிலும் சொல்லவில்லை.

"எல்லாரையும் அத்தனை கேள்வி கேட்பீங்களே அக்கா. என்னை மட்டும் ஏன் கேக்கல?" என்றேன்.

வெளியே, சந்தை வாசலில் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார்.

"கேட்டிருந்தா நீ இல்லேன்னு சொல்லியிருப்ப தம்பி. அப்புறம் அந்தப் பொய்யைத் தூக்கிக்கிட்டு தினம் என் எதிர்ல வந்து உக்காரணும். எதுக்கு உனக்கு அது?"

எங்கள் நிறுத்தம் வந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நான் முன்னால் இறங்கிக் கையை நீட்டினேன். முழங்கால் வலிக்காரர், பஸ் படி அவருக்குக் கொஞ்சம் உயரம். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். தரையில் கால் வைத்த பிறகும், சந்தைக் கூட்டத்துக்குள்ளே வெகுதூரம் வரை, அந்தக் கையை விடவில்லை.